67 வயதில் ஒரு மணிக்கட்டு முறிவு: முதல் நாளிலிருந்து ஓராண்டு வரை

கீழே வரும் நோயாளி ஒரே ஒருவர் அல்ல. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ரேடியஸ் எலும்பின் (முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள எலும்பு) கீழ்முனை முறியும்போது வழக்கமாக என்னென்ன நடக்கிறதோ, எங்கெங்கே பிசகுகிறதோ, அவற்றை ஒருவரின் சிகிச்சைப் போக்காகக் கோத்து எழுதியிருக்கிறோம். இந்த முறிவில் எல்லோருடைய கண்ணும் எக்ஸ்ரே மீதே இருக்கிறது. ஆனால் கை மறுபடி பயன்படுமா என்பதை விரல்களும், அடுத்த முறிவு வருமா என்பதை எலும்பின் அடர்த்தியும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இவை இரண்டும்தான் அதிகம் கவனிக்கப்படாமல் போகின்றன.

விழுந்த விதமும் பின்னணியும்

67 வயதுப் பெண், வலக்கைப் பழக்கம் உள்ளவர். ஈரத் தரையில் கால் வழுக்கி, நின்ற உயரத்திலிருந்து வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார். இரண்டு மணி நேரத்தில் அவசரப் பிரிவுக்கு வந்தார். ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை எடுத்துக்கொள்பவர். மாதவிடாய் 46 வயதில் நின்றுவிட்டது. அவருடைய தாய்க்கு முதுமையில் இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது.

தூக்க மாத்திரை, மாதவிடாய் நின்ற வயது, தாயின் முறிவு ஆகிய மூன்றையும் அவசரப் பிரிவில் அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்க ஒரு நிமிடம் போதும். மூன்றாவது வாரத்தில் இந்த மூன்றும் தேவைப்பட்டன.

முதல் பரிசோதனை

பக்கவாட்டில் பார்த்தால் மணிக்கட்டு முள்கரண்டி போல வளைந்திருந்தது. முதலில் மோதிரமும் வளையலும் கழற்றப்பட்டன. வீக்கம் ஏறிய பிறகு அவற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். தோலில் காயம் இல்லை. சுண்டுவிரல் பக்கம் ஒரு சிறு கீறலிலிருந்து ரத்தம் கசிந்தாலும், எலும்பு உள்ளிருந்து தோலைக் குத்தி வெளியே வந்துபோயிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது அது திறந்த முறிவு; சிகிச்சை முறையே மாறிவிடும்.

நாடித்துடிப்பும் நகத்தில் ரத்தம் திரும்பும் வேகமும் சரியாக இருந்தன. ஆட்காட்டி விரல் நுனியிலும் (மீடியன் நரம்பு) சுண்டுவிரல் நுனியிலும் (அல்னார் நரம்பு) உணர்ச்சி இருந்தது. இதை மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்பே நேரத்தோடு குறித்துவைக்க வேண்டும். பின்னால் விரல் மரத்துப்போனால், விழுந்ததால் வந்ததா கட்டினால் வந்ததா என்று சொல்ல இந்தக் குறிப்பு ஒன்றே ஆதாரம். முழங்கை, தோள், கட்டைவிரல் அடிப்பள்ளம் ஆகியவற்றை அழுத்திப் பார்த்ததில் வலி இல்லை.

எக்ஸ்ரே சொன்னது

நேர்ப்படம், பக்கப்படம் இரண்டும் எடுக்கப்பட்டன. இயல்பில் ரேடியஸின் மூட்டுப்பரப்பு உள்ளங்கைப் பக்கமாகச் சுமார் 11 டிகிரி சாய்ந்திருக்கும். இவருக்கு அது புறங்கைப் பக்கமாக 28 டிகிரி சாய்ந்திருந்தது. ரேடியஸ் 5 மில்லிமீட்டர் குட்டையாகியிருந்தது. நேர்ப்படத்தில் 22 டிகிரி அளவில் இருக்க வேண்டிய பக்கச் சரிவு 12 டிகிரியாகக் குறைந்திருந்தது. புறங்கைப் பக்க எலும்பு நொறுங்கியிருந்தது. அல்னாவின் (முன்கையில் சுண்டுவிரல் பக்கம் உள்ள எலும்பு) நுனியும் முறிந்திருந்தது. முறிவு மூட்டுக்குள் போகவில்லை.

இழுத்துப் பொருத்திய எலும்பு மறுபடி நகருமா என்று கணிக்க ஐந்து அடையாளங்கள் பயன்படுகின்றன: வயது 60-க்கு மேல், புறச்சாய்வு 20 டிகிரிக்கு மேல், புறங்கைப் பக்கம் நொறுங்கியிருத்தல், முறிவு மூட்டுக்குள் போயிருத்தல், அல்னாவும் முறிந்திருத்தல். மூன்று அல்லது அதற்கு மேல் இருந்தால் நகர வாய்ப்பு அதிகம். இவரிடம் நான்கு இருந்தன. "இப்போது சரியாகப் பொருந்தினாலும் இரண்டு வாரத்தில் எலும்பு கொஞ்சம் நகரலாம்" என்பதைக் கட்டுப் போடும் முன்பே நோயாளியிடமும் மகளிடமும் சொல்லிவிட்டார்கள். முதல் நாளே சொல்லாமல் விட்டால், எலும்பு நகரும்போது கட்டுப் போட்டவரின் தவறாகவே அது தெரியும்.

எலும்பைப் பொருத்தியது

முறிவின் ரத்தக்கட்டுக்குள்ளேயே மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தும் முறை எடுக்கப்பட்டது. புறங்கைப் பக்கத் தோலை அறுவைக்குச் சுத்தம் செய்வதுபோலவே சுத்தம் செய்ய வேண்டும். ஊசி முறிவிடத்துக்கு நேராகப் போவதால், அழுக்கு போனால் எலும்புக்கே போகும். ஊசியைச் சாய்வாக இறக்கி, எலும்பின் விளிம்பைத் தடவி, இடைவெளிக்குள் நழுவவிட்டு, பின்னுக்கு இழுத்துப் பார்த்தபோது கருஞ்சிவப்பு ரத்தம் சிரிஞ்சுக்குள் வந்தது. அதுதான் சரியான இடத்துக்கு அடையாளம். 1 சதவீத லிக்னோகெயின் 10 மில்லி மெதுவாகச் செலுத்தப்பட்டது. பிறகு 10 முதல் 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். பலர் 3 நிமிடத்தில் இழுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நோயாளி வலியில் தசையை இறுக்கிக்கொள்ள, எலும்பு பொருந்தாமல் போவதற்கு அதுவே முதல் காரணம்.

முழங்கையை 90 டிகிரி மடக்கி, ஒருவர் மேற்கையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் விரல்களைப் பிடித்து 3 முதல் 5 நிமிடம் நிதானமாக இழுத்தார். ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்ட முனைகளை இழுப்பு மட்டும் விடுவிக்காது. வளைவை ஒரு கணம் இன்னும் அதிகமாக்கி, செருகலை விடுவித்து, பெருவிரலால் கீழ்த்துண்டை உள்ளங்கைப் பக்கம் தள்ளி, மணிக்கட்டைச் சற்றே மடக்கிச் சுண்டுவிரல் பக்கம் சாய்க்க வேண்டும். புறங்கை விளிம்பைத் தடவிப் பார்த்தால் படி இருக்கக் கூடாது.

மாவுக்கட்டு

முதல் நாள் முழுக்கட்டு போடக் கூடாது. வீக்கம் ஏற இடம் வேண்டும். பஞ்சுச் சுற்றின் மேல் 8 முதல் 10 மடிப்பு ஸ்லாப் (கையை முழுதாகச் சுற்றாத மாவுப் பட்டை) வைத்துத் துணிச்சுற்று போடப்பட்டது. நனைக்கும் நீர் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். சூடான நீரில் கட்டு சீக்கிரம் இறுகும். ஆனால் இறுகும்போது மாவு தானே வெப்பம் விடுவதால், தடித்த கட்டைத் தலையணைமேல் வைத்தால் தோல் வெந்துபோகும் அபாயம் உண்டு.

எலும்பைத் தாங்குவது கட்டின் தடிமன் அல்ல, அழுத்தும் இடங்கள்தான். கீழ்த்துண்டின் புறத்தே ஓர் அழுத்தம், முறிவுக்கு மேலே உள்ளங்கைப் பக்கம் ஓர் அழுத்தம், முன்கையின் மேற்பகுதியில் புறத்தே ஓர் அழுத்தம். மணிக்கட்டு 10 முதல் 20 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது. அதற்கு மேல் மடக்கி வைத்தால் எக்ஸ்ரே அழகாக இருக்கும். மீடியன் நரம்பு நசுங்கும், விரல்களும் மடங்க முடியாமல் போகும். அந்தப் பழைய நிலையை இன்று யாரும் பயன்படுத்தக் கூடாது.

பொருத்திய பின் எக்ஸ்ரேயில் புறச்சாய்வு 2 டிகிரி, குட்டை 1 மில்லிமீட்டர்.

இரண்டாம் நாள் இரவு

கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மூன்றும் மரத்து, வலி மாத்திரைக்கும் கட்டுப்படாமல் திரும்பி வந்தார். செய்ய வேண்டியது ஒன்றுதான்: கட்டை நீளவாக்கில் பிளப்பது. துணிச்சுற்றை மட்டும் வெட்டி நிறுத்தினால் பயனில்லை. உள்ளிருக்கும் பஞ்சு ரத்தமும் வியர்வையும் ஊறி அட்டைபோல் இறுகியிருக்கும். அதையும் வெட்டி, கத்தரியின் முனைக்கு அடியில் தோல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இவருக்கும் அப்படித்தான் இருந்தது. கடைசிப் பஞ்சுச்சுற்றை வெட்டியதும் வலி குறையத் தொடங்கியது. மணிக்கட்டு நேர் நிலைக்குக் கொண்டுவரப்பட்டது. ஒரு மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பியது.

திரும்பாவிட்டால், அல்லது மரத்துப்போதல் ஏறிக்கொண்டே போனால், அன்றே மணிக்கட்டு நரம்புக் குகையை (மீடியன் நரம்பு செல்லும் குறுகிய வழி) அறுவையில் திறந்துவிட வேண்டும். காலைவரை காத்திருக்கும் விஷயமல்ல. மணிக்கட்டை நேராக்கினால் எலும்பு நகருமே என்ற தயக்கம் அந்த நேரத்தில் குறுக்கே வரக் கூடாது. எலும்பைப் பிறகு சரிசெய்ய வழி இருக்கிறது; செத்த நரம்புக்கு இல்லை.

எலும்பு நகர்ந்தது: இப்போது என்ன?

8-ஆம் நாள் எக்ஸ்ரேயில் புறச்சாய்வு 6 டிகிரி. வீக்கம் வடிந்திருந்ததால் முழுக்கட்டு போடப்பட்டது. 15-ஆம் நாள் புறச்சாய்வு 15 டிகிரி, குட்டை 4 மில்லிமீட்டர். எதிர்பார்த்தது நடந்திருந்தது.

வழக்கமான அளவுகோல்படி, பொருத்திய பின்னும் புறச்சாய்வு 10 டிகிரிக்கு மேல், குட்டை 3 மில்லிமீட்டருக்கு மேல், மூட்டுப்பரப்பில் படி 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் அறுவை சிகிச்சையை யோசிக்க வேண்டும். இவர் முதல் இரண்டையும் தாண்டிவிட்டார். வயது 45 ஆக இருந்தால் பிளேட் (எலும்போடு ஸ்க்ரூவால் பொருத்தும் உலோகத் தகடு) வைப்பதில் பெரிய விவாதம் இருந்திருக்காது. 65-க்கு மேல் கணக்கு வேறு. இந்த வயதினரிடம் பிளேட்டையும் மாவுக்கட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், முதல் சில மாதங்கள் பிளேட் வைத்தவர்கள் முன்னே இருந்தாலும் ஓராண்டு முடிவில் கையின் பயன்பாட்டில் இரு தரப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் சங்கத்தின் 2020 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. 2022-இல் வெளியான பிரிட்டனின் டிராஃப்ட்-2 ஆய்வு, பொருத்திய பின் கே-வயர் (எலும்பைப் பிடித்துவைக்கும் மெல்லிய உலோகக் கம்பி) குத்துவதையும் நன்றாக அழுத்தி வடிவமைத்த கட்டையும் ஒப்பிட்டது. ஓராண்டில் வேறுபாடு இல்லை. ஆனால் கட்டுப் போட்டவர்களில் எட்டில் ஒருவருக்கு முதல் ஆறு வாரத்துக்குள் எலும்பு நகர்ந்து அறுவை தேவைப்பட்டது. கட்டுக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடக் கூடாது.

இந்த முறிவை 1814-இல் விவரித்த டப்ளின் மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ், எக்ஸ்ரே வருவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, கை கோணலாகவே இருந்தாலும் காலப்போக்கில் நன்றாக இயங்கும் என்று எழுதியிருக்கிறார். வயதானவர்களைப் பொறுத்தவரை அது பெருமளவு உண்மை.

நோயாளி முன் வைக்கப்பட்ட வழிகள் மூன்று. மறுபடி இழுத்துப் பொருத்துவது: புறங்கைப் பக்கம் நொறுங்கிய எலும்பில் இரண்டாம் வாரத்தில் இது நிற்பதில்லை, பரிந்துரைக்கப்படவில்லை. உள்ளங்கைப் பக்கம் பூட்டு ஸ்க்ரூ பிளேட்: கட்டு சீக்கிரம் கழன்றுவிடும், எலும்பு நேராகும். ஆனால் பிளேட்டின் விளிம்பு மூட்டை ஒட்டி முன்னால் தள்ளி நின்றால் கட்டைவிரலை மடக்கும் தசைநாண் உரசி அறுந்துபோகும். ஸ்க்ரூ ஒரு மில்லிமீட்டர் நீண்டு புறங்கையில் நீட்டிக்கொண்டிருந்தால் கட்டைவிரலை நிமிர்த்தும் நாண் அறுந்துபோகும். தொற்று அபாயமும் உண்டு. மூன்றாவது, இப்படியே விட்டுக் கட்டைத் தொடர்வது: மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் எலும்பு சற்றுப் புடைத்துத் தெரியும், முறுக்கித் திருகும் வேலையில் வலி மிஞ்சலாம், பிடியின் பலம் கொஞ்சம் குறையலாம்.

முடிவெடுக்கும்போது வயதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, கை எதற்குத் தேவை என்பது. ஊன்றுகோலிலோ நடைவண்டியிலோ உடல் எடையைத் தாங்குபவருக்கும், கைத்தொழில் செய்பவருக்கும் 70 வயதிலும் பிளேட் சரியாக இருக்கலாம். இவருக்கு அந்தத் தேவைகள் இல்லை. மூன்றாவது வழியையே தேர்ந்தெடுத்தார். பிளேட் வைப்பதானால் மூன்று வாரத்துக்குள் வைப்பது எளிது என்பதும், பின்னால் வலி தாங்க முடியாவிட்டால் எலும்பை வெட்டி நேராக்கும் அறுவை உண்டு என்பதும் சொல்லப்பட்டன.

விரல்கள்

அதே 15-ஆம் நாளில் எக்ஸ்ரேயைவிடக் கவலைதந்த ஒன்று இருந்தது. கையை மூடச் சொன்னபோது விரல் நுனிகள் உள்ளங்கையிலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளியே நின்றுவிட்டன. காரணம் இரண்டு. முழுக்கட்டின் உள்ளங்கை விளிம்பு, விரல்களுக்கு அருகில் குறுக்கே ஓடும் மடிப்புக்கோட்டைத் தாண்டி ஒன்றரை சென்டிமீட்டர் நீண்டிருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டிக் கட்டு போனால் விரல்களின் அடிமூட்டு 90 டிகிரி மடங்கவே முடியாது. அந்த மூட்டு நேராகவே இருந்தால் பக்கத் தசைநார்கள் சுருங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி செய்தாலும் முழுதாகத் திரும்புவது கடினம். இரண்டாவது காரணம் வீட்டில் கிடைத்த அறிவுரை: "கட்டுப் போட்ட கையை அசைக்காதே, எலும்பு விலகிவிடும்." விரலை மடக்குவதால் மணிக்கட்டு எலும்பு விலகாது. விரலை மடக்காமல் விட்டால்தான் கை போகும்.

கட்டு அங்கேயே வெட்டிக் குறைக்கப்பட்டது. கட்டுப் போட்டு முடித்ததும் இரண்டு சோதனை செய்துவிட்டால் இந்தப் பிழை நேராது: முழுதாகக் கை மூட முடிகிறதா, கட்டைவிரல் நுனி சுண்டுவிரலின் அடியைத் தொடுகிறதா.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் செய்ய ஆறு அசைவுகள் தரப்பட்டன, ஒவ்வொன்றும் 10 முறை. விரல்களை முழுதாக நீட்டுவது, நுனி மூட்டுகளை மட்டும் கொக்கி போல் மடக்குவது, அடிமூட்டில் மட்டும் மடக்கி விரல்களை நேராக வைப்பது, முழுதாக மூடுவது, விரித்துச் சேர்ப்பது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது. வலது கையால் முடியாத இடத்தில் இடது கையால் மெல்ல அழுத்தி முடிக்க வேண்டும். முழங்கையை மடக்கி நீட்டுவதும், கையைத் தலைக்கு மேல் தூக்குவதும் நாளுக்கு மூன்று வேளை. மணிக்கட்டு முறிந்தவருக்குத் தோள் இறுகிப்போவது அடிக்கடி காண்பது. கழுத்தில் மாட்டும் தூளியை முதல் சில நாளோடு விட்டுவிட வேண்டும். அது தோளை இறுக்குகிறது. பெரும்பாலும் கை முழங்கையைவிடத் தாழ்ந்து தொங்கும்படி கட்டப்படுவதால் விரல்களும் வீங்குகின்றன. உட்காரும்போதும் படுக்கும்போதும் கை இதயத்துக்கு மேலே இருக்கட்டும்.

விரல் வீக்கம் வடியாமல், தோல் பளபளத்து, நிறமும் வெப்பமும் வியர்வையும் மாறி, முறிவுக்குப் பொருந்தாத அளவு எரிச்சலான வலி வந்தால் அது சிக்கலான வட்டார வலி நோய். கட்டை உடனே தளர்த்தி, வலிக்கு மருந்து தந்து, அசைவைத் தீவிரமாக்க வேண்டும். வைட்டமின் சி நாளுக்கு 500 மில்லிகிராம் 50 நாட்கள் கொடுத்தால் இது குறையும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, சில மறுக்கின்றன. சிறுநீரகக் கல் இல்லாதவருக்குக் கெடுதல் குறைவு என்பதால் இவருக்குத் தரப்பட்டது. அந்த நோய் வரவில்லை. ஆறாவது வாரத்தில் இடைவெளி 4 சென்டிமீட்டரிலிருந்து 1 சென்டிமீட்டராகக் குறைந்திருந்தது.

கட்டுப் பிரித்த பின்

42-ஆம் நாள் கட்டுப் பிரிக்கப்பட்டது. முறிவிடத்தை அழுத்தினால் வலி இல்லை. மணிக்கட்டு மேலே 20, கீழே 25 டிகிரி; உள்ளங்கையை வானம் பார்க்கத் திருப்புவது 40 டிகிரி. கட்டுப் பிரித்தவுடன் கை முன்பைவிட மோசமாகத் தெரியும், மெலிந்து உலர்ந்திருக்கும் என்று முன்னாலேயே சொல்லாவிட்டால் நோயாளி பயந்துபோய் மறுபடி துணியால் கட்டிக்கொள்வார்.

எல்லாவற்றையும்விட மெதுவாகத் திரும்புவது உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் அசைவு. முழங்கையை இடுப்போடு ஒட்டி, கையில் சுத்தியலின் பிடியைப் பிடித்து, அதன் எடையே முன்கையைத் திருப்பும்படி 30 நொடி விடுவது நல்ல பயிற்சி. முழங்கை இடுப்பைவிட்டு விலகினால் தோள்தான் திரும்புகிறது, பயிற்சி வீண். 12 வாரம் வரை கனமான எதையும் அந்தக் கையால் தூக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது.

இன்னொரு எச்சரிக்கையும் தரப்பட்டது. உள்ளங்கையை மேசைமேல் வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஒருநாள் திடீரென்று தூக்க முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கிறது. விலகாத, எளிதாகத் தோன்றும் முறிவுகளில்தான் இது அதிகம் நேர்கிறது. ஆட்காட்டி விரலுக்கு இருக்கும் இரண்டு நிமிர்த்தும் நாண்களில் ஒன்றை மாற்றிக் கோத்து இதைச் சரிசெய்யலாம்.

எலும்பின் அடர்த்தி

நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிவது இயல்பல்ல. ஒரு முறை இப்படி முறிந்தவருக்கு அடுத்த முறிவின் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அந்த அடுத்த முறிவு இடுப்பாகவோ முதுகெலும்பாகவோ இருக்கலாம். ஆகவே கட்டுப் பிரிக்கக் காத்திருக்காமல் மூன்றாவது வாரத்திலேயே பரிசோதனைகள் நடந்தன.

டெக்ஸா எனும் எலும்பு அடர்த்தி ஸ்கேனில் இடுப்பெலும்புக் கழுத்து டி ஸ்கோர் (இளம் வயதினரின் சராசரி அடர்த்தியோடு ஒப்பிடும் மதிப்பு) −2.6, கீழ்முதுகு −3.1. உலக சுகாதார நிறுவனத்தின் 1994 வரையறைப்படி −2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. ரத்தத்தில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம், அதாவது குறைவு; பாராதைராய்டு ஹார்மோன் சற்றே அதிகம். கால்சியம், கிரியாட்டினின், தைராய்டு, புரதப் பரிசோதனை இயல்பு. எலும்புப்புரை என்று பெயர் வைக்கும் முன் மைலோமா (எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்) போன்ற நோய்களை விலக்க வேண்டும் என்பதால்தான் புரதப் பரிசோதனை. உயரம் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்ததால் முதுகெலும்புக்கும் பக்க எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. நசுங்கல் இல்லை. இருந்திருந்தால் எலும்பை வளர்க்கும் டெரிபாரடைடு போன்ற ஊசியை முதலில் கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டியிருந்திருக்கும்.

வைட்டமின் டி வாரம் 50,000 யூனிட் வீதம் 8 வாரம், பிறகு நாளுக்கு 800 யூனிட். கால்சியம் உணவும் மாத்திரையும் சேர்த்து நாளுக்கு 1,200 மில்லிகிராம். உணவிலேயே கிடைத்தால் மாத்திரை தேவையில்லை. மாத்திரையானால் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் உடல் நன்றாக உறிஞ்சாது. இவை மட்டும் போதும் என்று நிறுத்துவதுதான் மிகப் பரவலான பிழை. கால்சியம் மாத்திரை எலும்புப்புரைக்குச் சிகிச்சை அல்ல, சிகிச்சைக்குத் துணை.

வைட்டமின் டி சரியானதும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் வாரம் ஒருமுறை தொடங்கப்பட்டது. காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு. அடுத்த 30 நிமிடம் வேறெதுவும் சாப்பிடக் கூடாது, படுக்கக் கூடாது. காபியோடு விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். இதைச் சகிக்க முடியாதவருக்கு ஆண்டுக்கொருமுறை சோலெட்ரோனிக் அமிலம் 5 மில்லிகிராம் ரத்தக்குழாய் (சிரை) வழியாகச் செலுத்தலாம். சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 35 மில்லிலிட்டருக்குக் கீழ் என்றால் கூடாது. ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் 60 மில்லிகிராம் ஊசியும் உண்டு. ஆனால் அதைத் தொடங்கியவர் மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் சில மாதங்களில் அடர்த்தி சரிந்து முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கக்கூடும்.

விழுவதற்கான காரணம்

ஈரத் தரை ஒரு காரணம்தான். படுத்த நிலையில் 148 இருந்த மேல் ரத்த அழுத்தம், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் 124 ஆனது. 20-ம் அதற்கு மேலும் இறங்கினால் மயக்கமும் தள்ளாட்டமும் வரலாம். அழுத்த மாத்திரை மாற்றப்பட்டது. தூக்க மாத்திரை சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தப்பட்டது. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 15 நொடி எடுத்தார். 12 நொடியும் அதற்கு மேலும் என்றால் விழும் அபாயம் உண்டு. தொடைத் தசைக்கும் சமநிலைக்கும் வாரம் மூன்று நாள் பயிற்சி, கண் பரிசோதனை. 12 வாரத்தில் 11 நொடியானது.

ஓராண்டில்

எக்ஸ்ரேயில் புறச்சாய்வு அதே 15 டிகிரி. மணிக்கட்டு மேலே 60, கீழே 50 டிகிரி. திருப்பம் 75 டிகிரி. கை முழுதாக மூடுகிறது. வலக்கைப் பிடியின் பலம் இடக்கையின் பலத்தில் 80 சதவீதம். இறுகிய மூடியைத் திருகும்போது மட்டும் சுண்டுவிரல் பக்கம் வலி. எழுதவும் குளிக்கவும் உடை மாற்றவும் தடையில்லை.

அலென்ட்ரோனேட் தொடர்கிறது. இரண்டாம் ஆண்டில் மறு ஸ்கேன். ஐந்தாம் ஆண்டில் மருந்தை நிறுத்திவைக்கலாமா என்ற மறுபரிசீலனை. பல் பிடுங்கும் முன் பல் மருத்துவரிடம் இந்த மருந்தைச் சொல்ல வேண்டும். விழாமலே தொடையிலோ இடுப்பு மடிப்பிலோ புதிதாக வலி வந்தால் மூட்டு வலி என்று தள்ளிப்போடாமல் இரு தொடையெலும்புகளுக்கும் முழுநீள எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நீண்ட காலம் இந்த மருந்து எடுப்பவர்களில் அரிதாகச் சிலருக்குத் தொடையெலும்பில் வரும் விரிசல் முழு முறிவாகும் முன் அப்படித்தான் தெரியவரும்.